கொக்கியில் இல்லாத துண்டு

ஜூன் 5

இன்று முதல் நான் கட்டிப்போட்ட மாடு. கயிற்றின் நீளம் பன்னிரண்டரை மணி நேரம்.

பண்ணையில் இருட்டறை வேலை ஆரம்பம். இருபத்து நான்கு தொட்டிகளில் கரும்பு, தொட்டிகளைச் சுமக்க மூன்று தள்ளுவண்டிகள், அவை ஓடத் தண்டவாளம், ஜன்னலே இல்லாத ஓர் அறை, உள்ளே சுவரெல்லாம் தகரம். காலை 6.15க்கு வண்டிகளை இழுத்து வெயிலில் விட வேண்டும். மாலை 6.45க்கு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். நாளைக்கு 6.44.30. மறுநாள் 6.44. இப்படித் தினம் அரை நிமிஷம் பகலைக் கத்தரித்துக்கொண்டே போனால், பூக்கிற காலம் வந்துவிட்டது என்று கரும்பு நம்பிப் பூக்கும்.

ஊரில் கரும்பு பூத்தால் விவசாயி தலையில் கை வைத்துக்கொள்வான், எடை போய்விடும் என்று. நாங்கள் பூக்காதா என்று தவம் கிடக்கிறோம். இந்த ரகத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான்: நாற்பத்தொன்று. செவ்வழுகல் நோய் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்கு இது பூத்ததும் இல்லை. பூத்தால்தான் சாறுள்ள ரகத்தோடு சேர்த்து விதை எடுக்கலாம். டாக்டர் சுந்தரவல்லி ஏழு வருஷமாக இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஊசி போடும் டாக்டர் இல்லை, கரும்பு விஞ்ஞானி. ஆனால் பேச்சில் ஊசி உண்டு.

கதவு சாத்திய பிறகு உள்ளே பொட்டு வெளிச்சம் படக்கூடாது. பட்டால் விடிந்துவிட்டதாகக் கரும்பு நினைத்துக்கொள்ளும், இத்தனை நாள் கணக்கும் வீண். அதனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே வைக்கவில்லை. தாழ்ப்பாள் வைத்தால் ஓட்டை, ஓட்டை இருந்தால் வெளிச்சம்.

வண்டி தள்ளும் மாராத்தா ஒரு யோசனை சொன்னாள். "உள்ள போறவங்க துண்ட வெளிய கொக்கியில மாட்டிப்போட்டுப் போகோணும். சாத்தறவங்க கொக்கியப் பாத்துட்டுத்தான் தாப்பாப் போடோணும். அப்பத்தான் யாரும் உள்ள மாட்ட மாட்டாங்கண்ணா." டாக்டர் அதையே விதியாக எழுதி ஒட்டிவிட்டார். அடியில் மாராத்தாவின் பெயரைப் போடவில்லை.

ஜூன் 12

மழை. வண்டிச் சக்கரத்தில் சேறு. 6.41.30.

ஜூன் 21

ஈரோட்டில் மச்சினன் மகள் கல்யாணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள். ஆறேகாலுக்கு நான் இங்கே வண்டி இழுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி சுலோச்சனா தனியாகப் போனாள். போகிறபோது, "கரும்பையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள். யாரிடம் அழுவது, ஆள் மாற்றினால் நேரம் தவறும் என்று டாக்டர் என்னைத் தவிர யாரையும் நம்புவதில்லை. ஞாயிறு கிடையாது, நோம்பி, பண்டிகை கிடையாது. பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் திரும்பக்கூடிய தூரம் எதுவோ அதுதான் என் உலகம். அதுவும் தினம் அரை நிமிஷம் சுருங்குகிறது.

உடுமலைக்குப் போய்ப் படுக்கையறைக்கு ஜீரோ வாட்ஸ் பல்ப் வாங்கி வந்தேன். பழையது போய்விட்டது. சுலோ ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் தடுக்கி விழுவாள். அவளுக்காகத்தான்.

ஜூலை 8

டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார். என்னை நிரந்தரமாக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறாராம். பதினான்கு வருஷமாகத் 'தற்காலிக உதவியாளர்' நான். தற்காலிகமாக இருந்தே தலை நரைத்துவிட்டது.

"இந்த 41 பூத்துருச்சுன்னா அவங்க இல்லைன்னு சொல்ல முடியாது தண்டபாணி. நேரம் மட்டும் தவறக்கூடாது."

"தவறாதுங்க மேடம்."

மாராத்தாவிடம் சொன்னேன். அவள் தினக்கூலி. "உங்களுக்கு ஆனாச் சேரி. அடுத்தது என்ற பேரையும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்ணா" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 27

மாராத்தா இன்று சுவரெல்லாம் தடவிப் பார்த்து, இடுக்குகளில் தார் காகிதம் ஒட்டினாள். மாதம் ஒரு தடவை அது அவள் வேலை. உள்ளே நின்று வெளிச்சம் புகுகிறதா என்று பார்க்கக் கதவைச் சாத்தச் சொன்னாள். நீங்களும் வாங்கண்ணா என்றாள். எனக்கு வெளியே வேலை இருந்தது.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. பண்ணையில் பாதிப் பேர் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள், அமராவதி ஆற்றுக்கு. சுலோ நேற்றே தாராபுரம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடுகிறேன் என்றாள், அதனால் போனுக்கு முழுச் சார்ஜ் போட்டு வைத்தேன். மாராத்தாவும் பிள்ளைகளோடு போக வேண்டுமாம், ஒற்றைக்காலில் நிற்கிறாள். இன்று கதவு 6.15.30.

ஆகஸ்ட் 4

நேற்று இருட்டறைக்குள் மாட்டிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறேன்.

நடந்தது இது. வண்டிகளைத் தள்ளியதும் வெப்பமானி பார்க்கப் பின்சுவர் ஓரம் போனேன். இரண்டாம் வண்டிக்குப் பின்னால் குனிந்திருந்தேன். மாராத்தா அவசரத்தில் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள். கத்தினேன். ரோட்டில் மேளம் போய்க்கொண்டிருந்தது, அவளுக்குக் கேட்கவில்லை. தகர அறையில் போனுக்கு சிக்னல் வராது. பிறகு சார்ஜும் தீர்ந்துவிட்டது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கதவை உடைத்திருந்தால் உடைத்திருக்கலாம். அறுபது நாள் பாடுபட்டது வீணாகுமே என்று விட்டுவிட்டேன். கால் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது, வண்டிச் சக்கரத்தில் இடித்துக்கொண்டது. வேர்த்துக் கொட்டியது. துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, தொட்டிகளை எண்ணிக்கொண்டு இருந்தேன். எட்டு, எட்டு, எட்டு. மறுபடி எட்டு.

காலை 6.15க்குக் கதவு திறந்தது. மாராத்தா என்னைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கொக்கியில துண்டு இல்லீங்ளேண்ணா?"

டாக்டர் ஓடி வந்தார். பன்னிரண்டு மணி நேரம் என்றார். பதினோரு மணி நேரம் ஐம்பத்தொன்பதரை நிமிஷம் என்று திருத்தினேன். அவர் கண் கலங்கிவிட்டது. துண்டு மாட்டினீர்களா என்று கேட்டார். மாட்டினேன், காற்றில் விழுந்திருக்கலாம் என்றேன். ஆடிக் காற்று. விழக்கூடியதுதான்.

ஆகஸ்ட் 5

மாராத்தாவை நிறுத்திவிட்டார்கள்.

நான் டாக்டரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "உங்க நல்ல மனசு உங்களுக்கு. உயிர் போயிருந்தா?" என்றார்.

ஆகஸ்ட் 9

சுலோ வந்துவிட்டாள். பண்ணையில் எல்லோரும் சொன்னதைக் கேட்டுவிட்டு, சோறு போடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"நெசமாவா, லைட்டு ஒண்ணும் இல்லாமயா இருந்தீங்க?"

"ஆமா."

"கரண்ட் போனா எந்திரிச்சு உக்காந்துக்குவீங்களே."

"அது வேற, இது வேற. குழம்பு ஊத்து."

ஊற்றினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் இலை நிரம்பி வழிந்தது.

ஆகஸ்ட் 20

தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வந்தார். கூட்டம் போட்டார்கள். 'தன் உயிரினும் கரும்பின் உறக்கத்தைப் பெரிதாக மதித்தவர்' என்று ஒருவர் எழுதி வைத்து வாசித்தார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இயக்குநர் கை கொடுத்து, "உள்ளே என்ன நினைச்சுக்கிட்டிருந்தீங்க?" என்றார். கரும்பைத்தான் சார் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் இரண்டாவது கடிதம் எழுதிவிட்டார், இந்தச் சம்பவத்தையும் சேர்த்து. நிரந்தரம் உறுதி என்கிறார்கள்.

சால்வையைப் பீரோவில் அடித்தட்டில் வைத்தேன். சுலோ எடுத்து மேல்தட்டில் வைத்தாள். மறுபடி அடித்தட்டில் வைத்தேன்.

ஆகஸ்ட் 29

சந்தையில் மாராத்தா. பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று திரும்பினேன், எதிரிலேயே வந்துவிட்டாள். வெங்காயக் களத்தில் வேலைக்குப் போகிறாளாம், இருந்தால் உண்டு.

"டாக்டரம்மாகிட்ட ரெண்டு தடவ போய்ப் பேசிப்போட்டனுங்ணா. யோசிக்கறன்னு சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் கொக்கியப் பாத்தனுங். சத்தியமாப் பாத்துட்டுத்தான் போட்டன்."

"காத்துல விழுந்திருக்கும் அம்மிணி."

"காத்துல விழுந்திருந்தா கீழ கெடக்குமில்லீங்ளா. நான் கதவு தொறந்தப்ப உங்க தோள்ல கெடந்துச்சு."

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. என் பஸ் இல்லை. ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 6

உச்சி இலை குட்டையாகிவிட்டது. பூ உள்ளே உருவாகிவிட்டது என்பதற்கு அதுதான் அறிகுறி, கர்ப்பிணிக்கு வயிறு தெரிவது மாதிரி. டாக்டர் ஏணி போட்டு ஒவ்வொன்றாக அளந்தார். இருபது தொட்டியில் அறிகுறி நிச்சயம். நான்கு தொட்டியில் இலை நெடுநெடுவென்று பழையபடியே நிற்கிறது.

நான்கும் இரண்டாம் வண்டி, பின்பக்கம்.

செப்டம்பர் 7

இலையை நானும் போய் அளந்தேன். குட்டையாகவில்லை.

செப்டம்பர் 8

டாக்டர் இருட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டார். இருபத்து நான்கு வட்டங்கள். அறிகுறி இல்லாத நான்குக்குள் பெருக்கல் குறி. பிறகு எழுந்து நின்று பார்த்தார். நான்கும் ஓர் இடத்தைச் சுற்றி வளைவாக நிற்கின்றன. பின்சுவர் மூலை. அங்கேதான் நான் உட்கார்ந்திருந்தது.

"இந்த மூலையிலருந்து வெளிச்சம் வந்திருக்கு" என்றார். "சுவத்துல எங்கயோ ஓட்டை இருக்கு. எல்லாத் தொட்டியும் ஒரே மண், ஒரே தண்ணி. இது மட்டும் ஏன் தவறுது? காரணம் தெரியாம நான் இதை எழுத முடியாது தண்டபாணி. யாரும் நம்ப மாட்டாங்க."

கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்.

செப்டம்பர் 9

கொத்தனார் ரங்கசாமி வெளியிலிருந்து சுவரைத் தடவிவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். நட்டநடு வெயிலில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எங்கே ஒளி கசிகிறது என்று பார்க்க வேண்டுமாம். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது ஆகும்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களை விட்டா வேற யாரு? பன்னெண்டு மணி நேரம் இருந்தவரு."

நாளை பன்னிரண்டரை மணிக்கு.

வயிற்று வலி என்று லீவு சொல்லலாமா என்று சுலோவிடம் கேட்டேன். "வண்டிய யாரு தள்றது?" என்றாள். உண்மைதான். இந்தக் கயிற்றிலிருந்து வயிற்று வலிக்குக்கூட விடுதலை கிடையாது.

செப்டம்பர் 10

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இனி இந்த நோட்டிடம் மட்டும் எதற்கு மறைப்பது.

மத்தியானம் கதவு முன்னால் டாக்டர், ரங்கசாமி, மாராத்தா இடத்துக்கு வந்திருக்கும் புது ஆள். துண்டைக் கொக்கியில் மாட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். டாக்டர் கை நீட்டி, "போனைக் குடுங்க, அதுல லைட் வந்துச்சுன்னா கெட்டுப்போகும்" என்றார். கொடுத்தேன்.

உள்ளே போனேன். கதவு சாத்தியது. தாழ் விழுந்தது.

வெளியே மூன்று பேர் நிற்கிறார்கள் என்று தெரியும். வெளியே வெயில் என்று தெரியும். ஆனாலும் நெஞ்சு அடைத்துக்கொண்டது, மூச்சு உள்ளே போகிறதே தவிர வெளியே வரவில்லை. இருட்டு எனக்கு ஆகாது. சிறு வயதிலிருந்தே ஆகாது. இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை ஜீரோ வாட்ஸ் பல்ப் இல்லாமல் தூங்க மாட்டான் என்று எப்படி எழுதுவது? கதவைப் படபடவென்று தட்டிவிட்டேன்.

திறந்ததும் டாக்டர், "மூணு நிமிஷம்கூட ஆகலையே. அதுக்குள்ள தெரிஞ்சுதா?" என்றார்.

தெரிந்தது என்று சொல்லிவிட்டேன். அந்த மூலையில், முழங்கால் உயரத்தில். வாய் அதுவாகச் சொல்லிற்று.

ரங்கசாமி கரண்டியோடு உள்ளே போய், நான் காட்டிய இடத்தில் தகரத்தைப் பெயர்த்துவிட்டுச் சுரண்டினார். நல்ல சுவர். ஓட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தாலும் நான் சொன்னேனே என்று சிமென்ட் குழைத்தார். பாடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் டாக்டர் சொன்னார்.

"சுவரைப் பாக்கறது மாராத்தா வேலை. மாசா மாசம் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கா. பாவம்னு நேத்துதான் நெனச்சேன், திரும்பக் கூப்பிடலாம்னு. நல்ல வேளை. இனி இந்தப் பண்ணைக்குள்ள அவ கால் வைக்கக் கூடாது."

ரங்கசாமி சிமென்டை வாரி அடித்தார். இல்லாத ஓட்டையை எவ்வளவு அழகாகப் பூசுகிறார் அந்த மனிதர். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை, வெட்கம்தான்.

"மேடம், ஓட்டை இல்லீங்க" என்றேன். "அன்னிக்கு நான்தான் லைட் போட்டேன்."

அவர் புரியாமல் பார்த்தார். நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன். கதவு சாத்தியதும் காலால் உதைத்தேன், கரும்பை நினைத்து அல்ல, வெளியே வர வேண்டும் என்று உதைத்தேன், விரல் வீங்கும்வரை. கதவு உடையவில்லை, அவ்வளவுதான். பிறகு போனில் டார்ச் போட்டேன். மூலையில் சாய்த்து வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அணைந்த பிறகு அழுதேன். துண்டைக் கொக்கியில் மாட்டவேயில்லை, வேர்வை துடைக்கத் தோளிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டேன். மாராத்தா கொக்கியைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினாள்.

டாக்டர் கையிலிருந்த என் போனைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார்.

"எத்தனை நேரம் எரிஞ்சுது?"

"சார்ஜ் தீர்ற வரைக்கும். நாலு மணி நேரம் இருக்கும்."

"எந்தப் பக்கம் பாத்து வச்சீங்க?"

"சுவரைப் பாத்துங்க. கரும்பு மேல நேராப் படக்கூடாதுன்னு."

"திருப்பி அடிச்ச வெளிச்சம் நாலு தொட்டிக்குப் போதும்" என்று எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு கணம் நிம்மதிகூடத் தெரிந்தது. காரணம் கிடைத்துவிட்டதல்லவா. நோட்டை மூடிய பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பயந்தது தப்பில்ல. லைட் போட்டதுகூடத் தப்பில்ல, நானா இருந்தாலும் போட்டிருப்பேன். காலைல 6.15க்கு வெளிய வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லல. அந்தப் பொண்ணு ரெண்டு தடவை என் முன்னால நின்னு அழுதா. உங்க நிரந்தரத்துக்கு எழுதுன லெட்டரை நானே திருப்பி வாங்கிக்கறேன்."

சரிங்க மேடம் என்றேன். ரங்கசாமி கரண்டியைக் கழுவினார்.

சாயங்காலம் 5.56.30க்குக் கதவு சாத்தினேன்.

செப்டம்பர் 11

சுலோவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். சால்வையை எடுத்து நான்காக மடித்து, டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள் என்று பையில் வைத்தாள். ராத்திரி பல்ப் போட்டது அவள்தான்.

செப்டம்பர் 13

மாராத்தா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன், துண்டு, லைட் எல்லாம். கேட்டுக்கொண்டே வெங்காயத்தாளை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, நான் நாப்பது நாளா நானே பாக்காம உட்டுட்டனோன்னு நெனச்சுட்டுக் கெடந்தனுங். கண்ண மூடுனா அந்தக் கொக்கிதான் தெரியும். துண்டு இருந்துச்சா, இல்லியா, இருந்துச்சா, இல்லியான்னு."

நாளைக்கு வரச் சொல்லி டாக்டர் சொன்னார் என்றேன். வாரனுங் என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

செப்டம்பர் 24

பூத்துவிட்டது. விடியற்காலை வண்டியை இழுத்தபோது முதல் தொட்டியில் உச்சியைக் கிழித்துக்கொண்டு ஒரு விரற்கடை வெள்ளி நிறத்தில் எட்டிப் பார்த்தது. டாக்டர் வந்து அதைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 9

இருபது தொட்டியும் பூத்துச் சாறுள்ள ரகத்தோடு சேர்த்தாகிவிட்டது. எனக்கு அடுத்த வருஷத்துக்கும் 'தற்காலிகம்' என்று உத்தரவு வந்தது. மாராத்தாவின் பெயரைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார் டாக்டர், விதியை யோசித்தவர் என்று. இந்தத் தடவை பெயரோடு.

அந்த நான்கு தொட்டிகளை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், எத்தனை நாள் தாமதம் என்று தெரிய வேண்டும் என்றார். ஆக, நான்கு தொட்டிக்காகக் காலையும் மாலையும் வண்டி தள்ளுகிறேன். இன்று கதவு 5.42.

அக்டோபர் 21

நான்கில் ஒன்று இன்று பூத்தது. இருபத்தேழு நாள் தாமதம். சேர்க்க ஜோடி இல்லை, மற்ற ரகத்தின் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. டாக்டர் நோட்டில் தேதி எழுதிக்கொண்டு போனார்.

விதியில் ஒரு வரி கூடியிருக்கிறது. கொக்கியைப் பார்த்தால் மட்டும் போதாது, சாத்துமுன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்க வேண்டும். மாராத்தா கேட்டு வாங்கிய வரி. ஒரு மாதமாகத் தினமும் கூப்பிடுகிறாள். நான் பக்கத்திலேயே, தோள் இடிக்கிற தூரத்தில் நின்றாலும், என் பக்கம் திரும்பாமல் அறைக்குள் தலையை நீட்டிக் கூப்பிடுவாள். இன்றைக்கும் கூப்பிட்டாள்.

"தண்டபாணியண்ணா, உள்ள இருக்கீங்ளா?"

அறைக்குள் அந்தப் பெயர் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் காத்திருந்தாள். பதில் வராமல் சாத்த மாட்டாள்.

"வெளிய இருக்கேன் அம்மிணி" என்றேன்.

5.36. தாழ் போட்டாள்.